கொம்பு முளைத்த நடின்

போன வருடத் திருவிழாவில் வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

ஐரோப்பாவின் பழைய ராஜா காலத்தை நடித்துக் காட்டும் திருவிழா அது, பார்க்க வருகிறவர்களும் வேஷம் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். நடின் அன்றைக்கு இடைக்காலத்துப் பால்காரி வேஷத்தில் வந்திருந்தாள். மூன்று வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே தைத்தது. கணுக்கால் வரை பழுப்புப் பாவாடை, மேலே கயிறு கோத்து இறுக்கிய அரைச்சட்டை, தலையில் வெள்ளைத் துணிக் குல்லாய். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிகுந்த அன்போடு சொன்னான்:

"பரவாயில்லம்மா, வெக்கப்படாதீங்க. நிறையப் பேரு வீட்டு டிரஸ்ஸுலதான் வராங்க. அடுத்த வருஷம் ஏதாவது வேஷம் போட்டுட்டு வாங்க, ஜாலியா இருக்கும்."

நான் பக்கத்தில் பச்சைத் தேவதையாக நின்றிருந்தேன். சிரிக்கவில்லை, சத்தியமாகச் சிரிக்கவில்லை. ஆனால் என் முதுகில் இருந்த கம்பி இறக்கைகள் தாமாகக் கிடுகிடுவென்று ஆடி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன. நடின் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. வான்கோழிக் கால் வாங்கிக் கொடுத்தும் பேசவில்லை.

நானும் அவளும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரே டிப்போவில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறோம். பதினாறு வருடப் பழக்கம். நடின் ஆறடி இரண்டு அங்குலம். பதிமூன்று வயதிலேயே அந்த உயரத்துக்கு வந்துவிட்டாளாம். அன்றிலிருந்து தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, எப்படியாவது ஐந்தரை அடிக்குள் தன்னை மடித்து வைத்துவிடலாம் என்று பார்க்கிறாள். டிப்போவில் எடுத்த புகைப்படம் எதிலும் அவள் முகம் முழுதாக விழுந்ததில்லை. ஒன்றில் பாதி நெற்றி இருக்கும், இன்னொன்றில் ஒரு காது.

இந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, நான் அப்பத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தாள்.

"லோர்னா, முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் மனுஷ வேஷமே கிடையாது."

"பின்ன?"

"ஏதாவது மாயப் பிராணி. இல்லன்னா மந்திரக்காரி. அந்த டிக்கெட்காரன் என்னைப் பாத்ததும் அப்படியே ரெண்டடி பின்னால போகணும்."

"திருவிழாவுக்கு இன்னும் ஒம்பது நாள்தான்டி இருக்கு."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்த அப்பத்தை அப்படியே வாயில போட்டுக்கிட்டு வண்டிய எடு."

பக்கத்து ஊரில் ஆர்ச்சி என்பவரின் வாடகை வேஷக் கடை இருக்கிறது. முன்பு பெட்ரோல் பங்காக இருந்த இடம். உள்ளே நுழைந்தால் இன்னமும் லேசாக பெட்ரோல் வாசனை, அதற்குமேல் பழைய வெல்வெட் வாசனை. ஆர்ச்சி கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு நடினைப் பார்த்தார். பார்வை மேலே போனது, இன்னும் மேலே போனது.

"வனராணி," என்றார் கடைசியில். "கூர்க்காது வெச்ச வனராணி. உங்களுக்குன்னே பொறந்தது."

கூர்க்காது அழகாகத்தான் ஒட்டியது. வெள்ளி நிற அங்கிதான் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. கீழே நடினின் ஓட்டுநர் பூட்ஸ்.

"வெள்ளத்துல எறங்கி நடந்து வர்ற ராணின்னு சொல்லிக்கலாமே," என்றார் ஆர்ச்சி.

"வேற காட்டுங்க," என்றாள் நடின்.

அடுத்து கடற்கன்னி. வாலை இடுப்பு வரை இழுத்துப் போட்டதும் அவளால் நடக்க முடியவில்லை. தத்தித் தத்தி கண்ணாடி வரை போனாள். திரும்பும்போது தடுமாறி, கடற்கொள்ளையர் கோட்டுகள் தொங்கிய கம்பியோடு தரையில் விழுந்தாள். கோட்டுக் குவியலுக்குள்ளிருந்து வால் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"உன்ன எதுல வெச்சுடி தள்ளிட்டுப் போறது?" என்றேன்.

"உங்க வீட்டுல தள்ளுவண்டி இருக்குல்ல?" என்று குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதுல நான் மாட்டெரு அள்ளுறேன்டி!"

டிராகன் தலையை மாட்டினால் அதன் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். நடினின் உயரத்துக்குக் கண் இருந்த இடத்தில் டிராகனின் அண்ணம் வந்துவிட்டது. "ஹலோ? யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடந்து, கூரை விசிறியில் ஒரு கொம்பை மாட்டினாள். கொம்பு மூன்று சுற்று சுற்றிவிட்டு ஆர்ச்சியின் பூனை படுத்திருந்த கூடைக்குள் விழுந்தது. பூனை அன்றைக்குத் திரும்பி வரவில்லை. மந்திரவாதியின் தாடி மூக்கில் புகுந்து பதினோரு தும்மல் தும்மினாள். நான் எண்ணினேன். பன்னிரண்டாவது வரும்போல வந்து திரும்பிப் போய்விட்டது.

ஐந்து மணிக்கு ஆர்ச்சி விளக்கை அணைத்தார். "நாளைக்கு வராதீங்க," என்றார். "ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழமயும் வராதீங்க. எனக்கு ஓய்வு வேணும்."

வண்டியில் வரும்போது நடின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாமே சின்ன ஆளுங்களுக்குத் தைச்சதுடி," என்றாள். "நான் வீட்டுலயே இருந்துடறேன். நீ போய்ட்டு வா." மைல் கணக்கில் சோளக்காடு வந்தது, போனது.

அவள் கணவன் கர்ட் குளிர்காலத்துக்காக வீடுகளுக்குச் சூட்டுக்காற்றுக் குழாய் பொருத்துகிறவன். அவர்கள் வீட்டுக் கொட்டகை முழுக்க அந்த வளையும் வெள்ளிக் குழாய்தான், மலைப்பாம்பு போலச் சுருண்டு சுருண்டு கிடக்கும். நடின் நேரே உள்ளே போய், தரையில் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு பெரிய குழாய்ச் சுருளில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். நான் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். வாசலில் நின்று பார்த்தேன். வெயில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. குனிந்த முதுகு. முதுகுமேல் அந்தச் சுருள். வெறுப்பில் இரண்டு கையாலும் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அசையாத!" என்று கத்தினேன்.

"என்னடி? குளவியா?"

"அசையாதடி! நத்தை!"

"எங்க?"

"நீதான்டி நத்தை!"

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நான் விளக்கினேன். அச்சு வராத காலத்தில் கையால் எழுதிய பழைய புத்தகங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் ஓரங்களில் ஒரு விசித்திரமான படம் திரும்பத் திரும்ப வரும். முழுக் கவசம் போட்ட வீரன் ஒருவன் நத்தையோடு சண்டை போடுவான். சில படங்களில் வாளைக் கீழே போட்டுவிட்டு நத்தை முன் மண்டியிட்டுக் கெஞ்சுவான். எதற்காக வரைந்தார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. திருவிழாவில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடைக்காரர் எனக்கு அப்படி ஒரு படத்தைக் காட்டியிருந்தார்.

நடின் எழுந்து வந்து, கொட்டகைக் கண்ணாடியில் தன்னைப் பக்கவாட்டில் பார்த்தாள். முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்தாள். "வீரனே பயப்படுவானா?" என்று கேட்டாள்.

"மண்டி போடுவான்."

கர்ட் மூலையில் உட்கார்ந்து ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தான். அதுவரை வாயே திறக்காதவன், மென்று முழுங்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எட்டு அங்குலக் குழாயா, பத்து அங்குலமா?"

எட்டு நாள் அந்தக் கொட்டகையில் ஒரே அமர்க்களம். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் அலுமினியச் சட்டத்தில் குழாயைச் சுருட்டிக் கட்டி நத்தை ஓடு செய்தான் கர்ட். அதன்மேல் நான் பழுப்பும் தேன் நிறமுமாகச் சாயம் பூசினேன். உடம்புக்கு முகாமில் உள்ளே நுழைந்து தூங்கும் ஸ்லீப்பிங் பேக் இரண்டைப் பிரித்து ஒன்றாகத் தைத்தோம். பின்னால் வால் மூன்றடி நீளத்துக்குத் தரையில் இழுபட்டு வரும். கொம்புகளுக்கு, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஸ்பாஞ்சுக் குழாய் இரண்டு. நுனியில் மேசைப்பந்து. உள்ளே கர்ட் ஏதோ ஸ்பிரிங் வைத்தான். நடின் தும்மினால்கூட கொம்பு இரண்டும் தனித்தனித் திசையில் ஆடும். அதைப் பார்த்து முதல்முறை நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் தோட்டத்து நத்தைகளை உப்பு தூவிக் கொல்கிற அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

திருவிழா அன்று காலை ஓட்டின்மேல் பாசியும், சந்தையில் வாங்கிய முட்டைக்கோஸ் இலைகளும் செருகினோம். தோட்டத்து நத்தை என்றால் அது வேண்டாமா?

ஓடு காருக்குள் நுழையவில்லை. கர்டின் பிக்-அப் வண்டியின் பின்னால் வலை போட்டுக் கட்டினோம். அதனால் கர்டும் வர வேண்டியதாயிற்று. இத்தனை வருடத்தில் அவன் திருவிழாவுக்கு வந்ததே இல்லை. வேலைக்குப் போகிற அதே தோல் ஏப்ரனும் இடுப்பில் கருவிப் பையுமாகக் கிளம்பினான்.

வாசலில் போன வருடத்து ஆள் இல்லை. அவனை நடுங்க வைக்கத்தானே இத்தனையும்! நடின் எல்லா வரிசையிலும் கொம்பை நீட்டி நீட்டித் தேடினாள். எங்கள் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நத்தையைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவள், எழுந்து நின்று கைதட்டினாள். அப்புறம் கர்டைப் பார்த்து, "சார், உங்க வேஷமும் சூப்பர். கொல்லர்தான?" என்றாள்.

கர்ட் தன் கருவிப் பையைக் குனிந்து பார்த்தான். "ஆமா," என்றான் கம்பீரமாக. அன்றைக்கு முழுவதும் அவன் நடையே மாறிவிட்டது.

உள்ளே போனதும் நடின் ஒரு விதி போட்டாள். நத்தை என்றால் நத்தை வேகம்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? மணி பதினொண்ணு ஆகுது," என்றேன்.

"வேஷம் போட்டா ஒழுங்காப் போடணும்."

வாசலிலிருந்து எலுமிச்சைச் சாறு விற்கும் கூடாரம் வரை எனக்குத் தெரிந்து ஐம்பது தப்படி. நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் நான் இரண்டு முறை போய் சாறு குடித்துவிட்டு வந்தேன். முதலில் நாலைந்து சிறுமிகள் பின்னால் சேர்ந்தார்கள். பிறகு ஒரு குடும்பம். பிறகு ராணி வேஷம் போட்ட மூன்று பேர், பேக்பைப் என்கிற தோல்பைக் குழல் ஊதுகிறவர் ஒருவர். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். பேக்பைப்காரர் பாட்டையே கால்வாசி வேகத்துக்குக் குறைத்துவிட்டார். பாதையே அடைத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் மெதுவாக நடந்தார்கள்.

இந்த ஊர்வலம் ஒரு வழியாகக் வீரர்கள் குதிரைமேல் வந்து ஈட்டியால் மோதும் சண்டை மைதானத்தின் கயிற்றோரம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு சிக்கல். கவசம் போட்ட வீரன் சர் ஆல்ட்வினுடைய பிஸ்கட் என்ற சாம்பல் நிறக் குதிரை, ஓட மாட்டேன் என்று நடு மைதானத்தில் நின்றுவிட்டது. எதிராளியின் குதிரைக்கு லாடம் கழன்று அதை உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். கட்டியக்காரன் கையில் இருந்த எல்லா நகைச்சுவையையும் சொல்லி முடித்துவிட்டு, இரண்டாம் முறை ஆரம்பித்திருந்தான். ஜனம் கொட்டாவி விட்டது.

சர் ஆல்ட்வின் குதிரைமேல் இருந்தபடியே சுற்றிப் பார்த்தான். கண் நடின்மேல் விழுந்தது. கையிலிருந்த ஈட்டி நழுவியது.

"ஐயகோ!" என்று அலறினான். "நத்தை!"

மைதானமே திரும்பியது. அவன் குதிரையிலிருந்து இறங்கினான் என்பதைவிட உருண்டான் என்று சொல்வதே சரி. "கட்டியக்காரனே! என் பாட்டன் முப்பாட்டன் எல்லாரையும் வென்ற குலப்பகை இதோ வந்துவிட்டது! தப்பி ஓட வழி உண்டா?"

"இல்லை, பிரபு!" என்றான் கட்டியக்காரன். அவன் முகத்தில் உயிர் திரும்பி வந்திருந்தது. "நத்தையே, களத்துக்கு வருக!"

நடின் கொம்புகளை என் பக்கம் திருப்பினாள். "லோர்னா, நெஜமாவே என்னைத்தான் கூப்பிடறாங்களா?"

"இங்க வேற நத்தை எதுடி இருக்கு? போ!"

"எல்லாரும் பாப்பாங்களே."

"இப்ப மட்டும் என்ன பண்றாங்களாம்?"

ஓட்டோடு அவளால் கயிற்றுக்குக் கீழே நுழைய முடியவில்லை. நாலு ஆட்கள் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அவர்களில் கர்டும் ஒருவன். "நடின், எடது பக்கம் ஒரு பிடிப்பு லூசா இருக்கு, வேகமாத் திரும்பாத," என்றான்.

"நத்தைய்யா அவ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

சண்டை தொடங்கியது. நடின் ஓரடி வைத்தாள். முரசு தும் என்றது. இன்னோரடி. தும். சர் ஆல்ட்வின் வாளை உருவினான், கை நடுங்கிக் கீழே போட்டான், கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்தான், எட்டிப் பார்த்தான், மறுபடி ஒளிந்தான். "நத்தை! நத்தை!" என்று எண்ணூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். நடினுக்கும் அவனுக்கும் நடுவில் பத்துத் தப்படிதான் இடைவெளி. அதைக் கடக்க அவளுக்கு ஐந்து நிமிடம். அவன் நினைத்திருந்தால் ஓடிப்போய் சாப்பிட்டுவிட்டே வந்திருக்கலாம். ஆனால் பயத்தில் கால் நகரவில்லையாம், அப்படி நடித்தான். அருகில் வந்ததும் அவன் தாழ்ந்த குரலில் சொன்னதை நடின் பிறகு எங்களுக்குச் சொன்னாள்: "மேடம், என் பேரு டெஸ்மண்ட். சிரிச்சு சிரிச்சு கவசத்துக்குள்ள வயிறு புடிச்சுக்கிச்சு. சீக்கிரம் என்னைக் கொன்னுடுங்க, ப்ளீஸ்."

அப்போதுதான் பிஸ்கட் நகர்ந்தது. அத்தனை பேர் கெஞ்சியும் அசையாத குதிரை, முட்டைக்கோஸ் வாசனையைப் பிடித்துக்கொண்டு நேரே நடின் பின்னால் வந்து நின்று, ஓட்டிலிருந்து ஒரு இலையை உருவித் தின்றது. நடினுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

"யாருடா அது பின்னால இழுக்கறது?" என்று அவள் கேட்டது கடைசி வரிசைக்கும் கேட்டது. சுற்றித் திரும்பினாள். ஓடும் திரும்பியது. குதிரையும் இலையோடு கூடவே சுற்றியது. இரண்டு சுற்று சுற்றினார்கள். என் பக்கத்தில் நின்ற ராணி தரையில் உட்கார்ந்து புல்லை அடித்து அடித்துச் சிரித்தாள்.

மூன்றாவது சுற்றில் இடது பிடிப்பு கழன்றது. ஓடு சரிந்தது. அதைச் சமாளிக்க நடின் சட்டென்று நிமிர்ந்தாள்.

முழுதாக நிமிர்ந்தாள். பதினாறு வருடத்தில் நான் அதை முதல் முறையாகப் பார்த்தேன். ஆறடி இரண்டு அங்குலம், அதற்குமேல் இரண்டடிக் கொம்பு. முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, வாய் கொள்ளாத சிரிப்போடு மைதானத்தின் நடுவில் நின்றாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி ஓர் உறுமல் உறுமினாள். நத்தை உறுமாது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. சர் ஆல்ட்வின் கும்பிட்டபடி மண்டியிட்டான். அவள் தலையைச் சாய்த்து, ஒரு கொம்பின் நுனியால் அவன் மூக்கை மெல்லத் தொட்டாள். அவன் செத்து விழுந்தான். ஜனம் தொப்பிகளை வீசியது. நான் என் இறக்கையையே கழற்றி வீசிவிட்டேன். அது போனது போனதுதான், இன்றுவரை கிடைக்கவில்லை.

அரை நிமிடத்தில் மேலாளர் ராக்ஸேன் வாக்கி டாக்கியோடு ஓடி வந்தாள். "யாரு பொதுமக்களைக் களத்துக்குள்ள விட்டது? குதிரை மிதிச்சிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று டெஸ்மண்டைப் பிடித்து வாங்கினாள். அவன் செத்தவனாகவே கிடந்து கண்ணை மட்டும் திறந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நடின் மறுபடி தோளைக் குறுக்கப் போனாள். அதற்குள் ராக்ஸேன் அவள் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "நாலு மணிக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு. குதிரைய ஓரமாக் கட்டி வெச்சிடறோம். வர முடியுமா?" என்றாள்.

"நாலு மணிக்கா?" நடின் யோசித்தாள். "அப்ப நான் இப்பவே கெளம்பணும்."

நாலு மணிக்கும் சர் ஆல்ட்வின் தோற்றான். இம்முறை சாகும் வசனமே இரண்டு நிமிடம். பிள்ளைகள் விடவில்லை, இன்னொரு முறை சாகச் சொன்னார்கள், செத்தான். அதன் பிறகு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. நடின் ஒவ்வொரு படத்துக்கும் நிமிர்ந்தே நின்றாள். முதல் வரிசையில், நட்ட நடுவில். கொல்லர் கர்ட் பக்கத்தில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் பத்து அங்குலக் குழாயின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். பிக்-அப்பின் முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஓடு பின்னால். யாராவது ஒருவர் "யாருடா அது பின்னால இழுக்கறது" என்று ஆரம்பித்தால் போதும், வண்டியே குலுங்கும். விலா நோகிறது, நிறுத்துங்கள் என்று நானே கெஞ்சினேன், பிறகு நானே ஆரம்பித்தேன்.

வழியில் ஒரு பண்ணை வாசலில் சுட்ட சோளம் விற்றார்கள். பசி உயிர் போகிறது என்று நடின் இறங்கி ஓடினாள், நத்தை வேகமெல்லாம் மறந்து. கொம்புகளைக் கழற்றவும் மறந்துவிட்டாள். விற்கிற அம்மாள் அடுப்பில் குனிந்திருந்தாள். நிமிரவே இல்லை. மூன்று கதிரை எடுத்து வெண்ணெய் தடவினாள்.

"உப்பு போடட்டுமா?" என்றாள்.

நடின் ஒரு அலறல் அலறி, இரண்டடி பின்னால் துள்ளினாள். "ஐயோ, வேண்டாம்! உப்பு மட்டும் வேண்டாம்மா!"

அந்த அம்மாள் அப்போதுதான் தலையைத் தூக்கிக் கொம்புகளைப் பார்த்தாள். கையிலிருந்த உப்புக் குடுவையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கர்ட் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டான். ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.